கனமாக வெளியே வந்த செங்கல்

செப்டம்பர் பதினொன்றாம் தேதி காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, எங்கள் தொழிற்சாலையின் செங்கல் உள்ளே போனதைவிடக் கனமாக வெளியே வந்தது.

கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. நாங்கள் அப்போது காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கண்டுபிடித்தது, இருநூறு கிலோமீட்டர் தள்ளி, தலைநகர் சோஃபியாவில், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த திரை. கட்டடம், தொழில்துறை டிஜிட்டல் கார்பன் திறன் தேசிய முகமைக்குச் சொந்தமானது. முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும் என்பதால் நாங்கள் முகமை என்று மட்டும் சொல்வோம்.

எங்கள் ஊர் க்ளினோவோ. செர்பிய எல்லைக்கு இந்தப் பக்கம். ஊரில் தேவாலயம் ஒன்று, மதுக்கடை இரண்டு, செங்கல் சூளை ஒன்று. சூளை என்றால் தொண்ணூறு மீட்டர் நீளச் சுரங்கம். சுடாத பச்சைக்கல் அடுக்கிய இரும்பு வண்டிகள் ஒரு முனையில் நுழைந்து, நடுவில் நெருப்பைக் கடந்து, மறுமுனையில் ஆறி வெளியே வரும். முகமை அந்த வசந்தகாலத்தில் வந்து, இரண்டு முனையிலும் மின்னணு எடைமேடை வைத்தது. சுரங்கத்துக்குள் நாற்பத்தோரு சென்சார். எரிவாயுக் குழாயில், சோஃபியாவிலிருந்தே திறந்து மூடக்கூடிய வால்வு ஒன்று.

கணக்கு சுலபம். வெளியே வரும் எடையை, எரித்த வாயுவின் கார்பனால் வகுத்தால் வருவது கார்பன் திறன். அது ஒன்றுக்கு மேல் இருந்தால் பச்சை விளக்கு. தொடர்ந்து ஏழு நாள் ஒன்றுக்குக் கீழே கிடந்தால் வால்வு தானாக மூடும். முன்பெல்லாம் செங்கல்லை எண்ணுவோம். எண்ணுவதற்கு ஆள் வேண்டும், ஆள் என்றால் தவறு வரும், எடைக்குத் தவறு தெரியாது என்று முகமை எங்களுக்கு விளக்கியது.

சூளையைப் பார்த்துக்கொண்டவர் நைடென். ஐம்பத்தெட்டு வயது. கடைசியாகக் கூரை மாற்றிக் கட்டியபோது அவர் மூட்டிய நெருப்பு, பத்தொன்பது வருடமாக அணையவில்லை. சுரங்கச் சூளையின் நெருப்பை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. திடீரென்று ஆறினால் வளைவுக் கூரை வெடிக்கும். வெடித்த கூரையை மறுபடி கட்டும் வசதி எங்கள் தொழிற்சாலைக்கு இல்லை. நைடென் தன் மகள் கல்யாண விருந்தில் நடனத்துக்கு நடுவே இரண்டு தடவை எழுந்து வந்து நெருப்பைப் பார்த்துவிட்டுப் போனவர். சம்பந்தி வீட்டார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சரி, செங்கல் ஏன் கனத்தது?

செப்டம்பர் மாதம் என்பதால். இந்த நாட்டில் செப்டம்பரில் எல்லோரும் குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுடுவார்கள். மற்ற ஊர்களில் வீட்டு வாசலிலும் மாடியிலும் விறகும் மின்சாரமும் செலவழித்துச் சுடுவார்கள். க்ளினோவோவில் யாரும் அப்படிச் செய்வதில்லை. சூளையின் ஆறும் பகுதியில் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. அங்கே வண்டி வரும்போது வெந்த செங்கல்லின் மேல் மிளகாய்த் தட்டுகளை வைத்தால், வெளியே வருவதற்குள் தோல் கறுத்து, பதமாகச் சுட்டிருக்கும். எப்படியும் வீணாகப் போகிற சூடு. ஊரே மூட்டை மூட்டையாகக் கொண்டுவரும். வண்டிக்கு முந்நூறு கிலோ ஏறும். எடைமேடையைத் தாண்டியதும் இறக்கிக்கொள்வோம், ஏனென்றால் இறக்குவதற்கான மேடை அங்கேதான் இருக்கிறது.

முகமையின் நாற்பத்தோரு சென்சாரில் ஒன்றுக்குக் கூட மூக்கு இல்லை.

*

இரண்டாம் நாள் முகமையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தாள். பெயர் இவெட்டா. முப்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே மட்டும் ஐம்பது வயது. நான் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நைடென் எதையும் மறைக்கவில்லை. நேராகப் பக்கவாட்டுக் கதவுக்குக் கூட்டிப் போனார்.

"மிளகாய்தாம்மா," என்றார். "செங்கல் கனக்கல. மிளகாய் கனக்குது."

அவள் தட்டுகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "எத்தனை வண்டியில?"

"எல்லா வண்டியிலயும். செப்டம்பர் இல்லையா."

அவள் கணினியைத் திறந்து பாரம் தூக்கும் வண்டியின் மேல் வைத்தாள். சுமையின் வகை என்ன என்று திரை கேட்டது. மூன்று வகை இருந்தன: செங்கல், ஓடு, இதர களிமண் பொருள். நாலாவதாக ஒன்றைச் சேர்க்கக் குழு கூட வேண்டும் என்றாள். குழு வருடத்துக்கு ஒரு தடவை கூடும். போன வாரம்தான் கூடிக் கலைந்திருந்தது. மிளகாய் இதர களிமண் பொருள் ஆயிற்று.

திரை விடவில்லை. களிமண் பொருளின் எடை ஏன் கூடியது என்று கேட்டது. அதற்கும் மூன்று பதில்கள் இருந்தன: சென்சார் பழுது, பணியாளர் மோசடி, தொழில்நுட்பப் புதுமை.

அவள் திரையை நைடென் பக்கம் திருப்பினாள். "பழுதுன்னு போட்டா என் வேலை போயிடும். மோசடின்னு போட்டா உங்க வால்வை இன்னிக்கே மூடிடுவாங்க."

"புதுமைன்னு எப்படிம்மா போடுவே? எங்கப்பா காலத்துலேர்ந்து சுடறோம்."

"எனக்குத் தெரியும் அண்ணே. ஆனா இங்க வேற கட்டம் இல்ல."

அவள் புதுமையை அழுத்தினாள். திரையில் பச்சையாக ஒரு பூ மலர்ந்தது. பிறகு ஒரு மிளகாயின் தோலை உரித்து, உப்புத் தொட்டு, நின்றபடியே தின்றாள். இன்னொன்றும் தின்றாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றாள். நைடென் ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார். அதை வாங்கலாமா கூடாதா என்று முகமையின் விதிகளில் தேடிப் பார்த்துவிட்டு, களிமண் பொருள் என்பதால் தடையில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். அவள் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

*

அடுத்த வாரம் முகமையின் துணைத்தலைவர் லுபென் தாஸ்கலோவ் நான்கு கார்களோடு வந்தார். எங்கள் வழக்கப்படி வாசலில் ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்றோம். அவர் ரொட்டியைப் பிய்க்காமல் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

காற்றிலிருந்து கார்பனை உறிஞ்சும் உலகின் முதல் செங்கல் க்ளினோவோவில் பிறந்துவிட்டதாக, அவர் வருவதற்கு முன்பே தொலைக்காட்சி சொல்லியிருந்தது. அவர் ஒரு செங்கல்லைக் கையில் எடுத்து, கோட்டில் பட்ட தூளை உதவியாளரைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, இன்னிக்கு வரைக்கும் நான் ஒரு செங்கல் சூளையைப் பார்த்ததே இல்ல. அதுதான் என் பலம். பார்த்தவங்க நூறு வருஷமா இந்தத் தொழிலை நடத்தினாங்க. என்ன மிஞ்சிச்சு? புகை. இப்போ எங்க கட்டடத்துல நூத்தி நாப்பது பேர் ராப்பகலா உங்க சூளையைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கையைச் சுட்டுக்கல."

கைதட்டினோம். அந்த நூற்று நாற்பது பேர் உட்காரும் கட்டடத்தைக் குளிரூட்டவே எங்கள் சூளைக்கு ஆவதைப் போல ஒன்றரை மடங்கு எரிசக்தி ஆகிறது என்று இவெட்டா பின்னால் ஒருநாள் சொன்னாள். அந்தக் கட்டடத்துக்கு எடைமேடை கிடையாது.

நைடென் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் எங்கள் தொழிற்சாலை இயக்குநர் ஸ்பாஸ்கா அவர் காலை மிதித்தாள். அவர்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். கார்கள் போனபிறகு அவள் கேட்டாள்:

"மேல பச்சை விளக்கு எரியுது. உள்ள உன் நெருப்பு எரியுது. ரெண்டுல எதை அணைக்கணும்னு சொல்லு, போய்ச் சொல்லிட்டு வரேன்."

நைடென் நெருப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பத்தே நாளில் அவரைச் சோஃபியாவுக்கு விருது வாங்கக் கூப்பிட்டார்கள். தொழிற்சாலை வேனில் நான்தான் கூட்டிப்போனேன். மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். பாதி வழியில், மேடையில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், பொய்யின் மேல் எரிகிற நெருப்பை எத்தனை நாள் காப்பாற்றுவது என்றார். மனைவி டொன்காவும் அதையே சொன்னாளாம். நான் வண்டியை ஓட்டினேன்.

சொன்னார். ஆறு நாட்டுப் பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்த அரங்கத்தில், ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செங்கல் எதையும் உறிஞ்சவில்லை என்றார். அது குடைமிளகாய் என்றார். தட்டு எங்கே வைக்கிறோம், எங்கே இறக்குகிறோம், ஒரு தட்டுக்கு எத்தனை கிலோ, எல்லாவற்றையும் சொன்னார்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

முன்வரிசையில் ஒரு பேராசிரியர், எடை போட்டது தோல் உரிப்பதற்கு முன்பா பின்பா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தாஸ்கலோவ் மேடையேறி நைடெனின் தோளில் கைபோட்டு, இதைத்தான் முகமை மூன்று வருடமாகச் சொல்லி வருகிறது என்றார்.

திரும்பி வரும்போது நைடென் என்னிடம் கேட்டார்: "நான் தெளிவாத்தானே சொன்னேன்?"

"ரொம்பத் தெளிவா சொன்னீங்க அண்ணே."

"அப்புறம் ஏன் தட்டினாங்க?"

விருது பின் இருக்கையில் உருண்டுகொண்டே வந்தது.

*

அக்டோபர் முதல் வாரம் சுற்றறிக்கை வந்தது. மிளகாய்க்கு இப்போது துணை உயிர்நிறை என்று பெயர். நாட்டின் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் உற்பத்தியில் பத்து சதவீதம் துணை உயிர்நிறை காட்ட வேண்டும்.

காட்டினார்கள். கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று காட்டியது. பல்சக்கரம் செய்யும் பட்டறை காட்டியது. இரும்பு உருக்கும் ஒரு வார்ப்படச் சாலையில் ஆயிரத்து நானூறு டிகிரியில் வைத்த மிளகாய் திரும்பி வரவேயில்லை. பயிற்சிக் குறைவு என்று அவர்களுக்கு எச்சரிக்கை போனது. முகமையின் கணினிகள் அடுக்கிய அறையிலேயே, முன்மாதிரியாக இருக்கட்டும் என்று தட்டுகளை ஏற்றினார்கள். மிளகாய் வேகவில்லை, புளித்தது. மூன்றாவது மாடியில் வெகுநாள் அந்த நாற்றம் இருந்ததாக இவெட்டா சொன்னாள்.

இதெல்லாம் எங்களைப் பாதிக்கவில்லை. எங்களைப் பாதித்தது அடுத்த பத்தி. க்ளினோவோவின் செப்டம்பர் சாதனையைப் பாராட்டி, அந்த எடையையே இனி எங்களுக்கு அடிப்படையாக வைத்திருந்தார்கள். செப்டம்பரில் வந்தது இனிமேல் ஒன்று. அதற்குக் கீழே எல்லாமே சிவப்பு.

மிளகாய்ப் பருவம் முடிந்துவிட்டது. பதினைந்தாம் தேதி திரையில் 0.91 என்று வந்தது. அடியில், ஏழு நாள் என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது.

ஸ்பாஸ்கா எல்லோரையும் கூப்பிட்டாள். சூளையில் வேலை செய்கிற அறுபத்து நாலு பேரும் முற்றத்தில் நின்றோம். யாரும் கத்தவில்லை. கத்துவதற்கு எதிரே ஆள் இல்லை, ஒரு கடிகாரம்தான் இருந்தது. கடைசியில் யாரோ பூசணிக்காய் என்றார்கள். இங்கே அக்டோபரில் எல்லா வீட்டு வேலியோரமும் பூசணிக்காய் கிடக்கும்.

இரண்டு நாளில் வண்டிக்கு நாற்பது பூசணிக்காய் ஏறியது. முதலில் நைடென் அவற்றை ஒழுங்காகப் பிளந்து சுட்டார். எல்லோரும் பூசணி தின்றோம். பிறகு தின்ன முடியவில்லை. டொன்கா ஒருநாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இன்னொரு பூசணியை வீட்டுக்குள்ள கொண்டு வந்தா, நீயும் அதுவும் சூளையிலயே குடியிருங்க." அதற்குப் பிறகு பூசணியைச் சுடுவதை நிறுத்திவிட்டோம். எடைமேடைக்கு முன்னால் ஏற்றுவோம், தாண்டியதும் இறக்குவோம், சுற்றி எடுத்துவந்து அடுத்த வண்டியில் ஏற்றுவோம். அதே நாற்பது பூசணிக்காய். முகம் பழகிவிட்டது. ஒன்றிரண்டுக்குப் பெயர்கூட வைத்தோம்.

திரை 1.04 காட்டியது. கடிகாரம் நின்றது. நைடென் அன்று மத்தியானம், பல வாரத்துக்குப் பிறகு, உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆனால் முகமையின் அமைப்பு சும்மா இருப்பதில்லை. அது கற்றுக்கொள்ளும். அதுதான் அதன் பெருமை என்று தாஸ்கலோவ் சொல்லியிருந்தார். அது எங்களை மூன்று வாரம் கவனித்து ஒரு விஷயம் கற்றுக்கொண்டது: க்ளினோவோவில் வாயு எரிக்காமலேயே எடை வருகிறது.

நவம்பர் நாலாம் தேதி முதல் பரிந்துரை வந்தது. வாயுவை இரண்டு சதவீதம் குறைக்கவும். மறுநாள் இன்னும் இரண்டு. ஒவ்வொன்றையும் சூளைக்காரர் கைரேகை வைத்து ஏற்க வேண்டும். நைடென் முதல் மூன்றை ஏற்றார், ஏனென்றால் அந்த அளவு சூளை தாங்கும். நாலாவதை மறுத்தார். காரணம் கேட்டது. மூன்று காரணங்கள் இருந்தன: நோய், வேலைநிறுத்தம், நிலநடுக்கம்.

அவர் நோய் என்று போட்டார். ஒன்பது நாள் தொடர்ந்து நோய் என்று போட்டு, ஒன்பது பரிந்துரையைத் தள்ளினார். பத்தாம் நாள் அமைப்பு அவருடைய உடல்நிலையில் அக்கறை கொண்டது. நலம் பெற வாழ்த்துகள் என்று பூங்கொத்துப் படம் ஒன்று வந்தது. அவர் கைரேகையை நீக்கிவிட்டு, குணமாகும்வரை வால்வைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னது.

தள்ளிவைத்த பதினெட்டு சதவீதத்தையும் அன்றே குறைத்தது. அதற்குப் பிறகு யாரையும் கேட்காமலேயே மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போனது.

ஸ்பாஸ்காவின் அறையிலிருந்து சோஃபியாவுக்குப் போன் போட்டோம். இவெட்டா எடுத்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தன்னால் வால்வைத் தொட முடியாது, தொட்டால் தொட்டவர் பெயர் திரையில் வரும் என்றாள். பிறகு, மெதுவாக, தாஸ்கலோவுக்கே இணைப்புக் கொடுக்கிறேன், நான் கொடுத்ததாகச் சொல்லாதீர்கள் என்றாள்.

தாஸ்கலோவ் உற்சாகமாக இருந்தார். ஸ்பாஸ்கா போனை ஒலிபெருக்கியில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"சார், வாயு பத்தல," என்றார் நைடென். "செங்கல் வேகல. கையில எடுத்தா பிஸ்கட் மாதிரி நொறுங்குது."

"எடை இருக்கா?"

"எடை இருக்கு சார்."

"அப்புறம் என்ன?"

"அதை வச்சு வீடு கட்ட முடியாது."

"வீடு கட்டறது வேற அமைச்சகம்."

நைடென் என்னைப் பார்த்தார், ஸ்பாஸ்காவைப் பார்த்தார். "சார், இப்படியே போனா நெருப்பு அணைஞ்சிடும். பத்தொன்பது வருஷ நெருப்பு. அணைஞ்சா கூரை போயிடும். அப்புறம் இந்த ஊர்ல சூளையே கிடையாது."

தாஸ்கலோவ் பேசியபோது குரல் தழுதழுத்தது. முதல்முறையாக அவரை ஏதோ தொட்டுவிட்டது என்று நினைத்தேன். தொட்டது உண்மைதான்.

"நைடென், நெருப்பு அணைஞ்சா கார்பன் பூஜ்யம். எடையைப் பூஜ்யத்தால வகுத்தா என்ன வரும் தெரியுமா? முடிவிலி. எங்க திரையில அதுக்கு ஒரு குறி வச்சிருக்கோம், கவிழ்ந்த எட்டு மாதிரி. ஆறு வருஷமா யாருக்கும் வந்ததில்ல. ஐரோப்பாவிலயே வந்ததில்ல."

"சார், ஒரே ஒரு தடவை வந்து நெருப்பைப் பார்த்துட்டுப் போங்க."

"அதைத் தினமும் பார்க்கறேனே. நீலக் கோடு. ரொம்ப அழகா இறங்கிக்கிட்டு இருக்கு."

*

நவம்பர் இருபத்தோராம் தேதி காலை பதினொன்றே காலுக்கு அணைந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. பார்க்கும் துளை வழியாக ஆரஞ்சு நிறம் தெரியும், அது சிவப்பாகி, சிவப்பு கறுப்பானது. அவ்வளவுதான்.

நைடென் அழவில்லை, திட்டவில்லை. மூன்று கூடை களிமண் கொண்டு வரச் சொன்னார். கூரையைக் காப்பாற்ற இன்னும் ஒரு வழி இருந்தது. எல்லாக் கதவையும் துளையையும் களிமண்ணால் பூசி அடைத்துவிட்டால், சுரங்கம் பத்துப் பன்னிரண்டு நாளில் மெதுவாக ஆறும். மெதுவாக ஆறினால் வெடிக்காது. கூரை நின்றால் என்றைக்காவது, யாராவது, மறுபடி மூட்டலாம். நாங்கள் எல்லோரும் முழங்கை வரை களிமண்ணோடு பூசினோம். ஸ்பாஸ்காவும் கோட்டைக் கழற்றிவிட்டுப் பூசினாள். மூன்று மணிக்கு முடிந்தது. நைடென் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நல்லா மூச்சு விடுது என்றார்.

மூன்றே முக்காலுக்கு நாற்பத்தோரு சென்சாரும் ஒரு விஷயத்தைக் கவனித்தன. வாயு பூஜ்யம், ஆனால் உள்ளே சூடு எழுநூறு டிகிரி. கணக்கில் வராத சூடு. விளக்க முடியாத எச்ச வெப்பம் கண்டறியப்பட்டது, பாதுகாப்புக்காகக் குளிர்விக்கப்படுகிறது என்று திரையில் வந்தது. நாங்கள் படித்து முடிப்பதற்குள் சுரங்கத்தின் ஆறு விசிறிகளும் முழுவேகத்தில் சுழன்றன.

நைடென் மின்பெட்டிக்கு ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடிப் பார்த்ததில்லை. பெட்டியில் முகமையின் பூட்டு தொங்கியது. நான் பாரம் தூக்கும் வண்டியாலேயே இடித்துத் திறந்தேன். அதற்காக என்னிடம் இன்னும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கம்பியைப் பிடுங்கியபோது நாலு மணி ஆகியிருந்தது.

கூரை முதலில் ஒரு தடவை முனகியது. பிறகு நடுவில், இடமிருந்து வலமாக, ஒரு நீளமான சத்தம் ஓடியது. பிறகு இன்னும் இரண்டு. பூசிய களிமண் ஒரு கதவிலிருந்து முழுசாகப் பெயர்ந்து விழுந்தது. அந்த வழியாக வந்த காற்று சூடாக, எங்கள் முகத்தில் அடித்தது. யாரும் நகரவில்லை.

அதே நிமிடத்தில் சோஃபியாவில் மூன்றாவது மாடியில் எல்லோரும் எழுந்து நின்றார்களாம். எச்ச வெப்பம் கணக்கிலிருந்து கழிந்ததும் திரையில் கவிழ்ந்த எட்டு வந்துவிட்டது.

*

நாங்கள் பயந்தது நடக்கவில்லை. அறுபத்து நாலு பேரில் ஒருவருக்கும் வேலை போகவில்லை.

முடிவிலி எட்டிய தொழிற்சாலையை மூட விட்டால் முகமைக்கு அவமானம். பசுமை நிதியிலிருந்து மாதாமாதம் சம்பளம் வருகிறது, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. செய்ய வேண்டியது ஒன்றுதான். காலையில் பூசணிக்காய்களை வண்டியில் ஏற்றி, எடைமேடையில் நிறுத்தி, கூரை விழுந்த பகுதியைச் சுற்றித் தள்ளி, மறுமேடையில் நிறுத்தி, இறக்கி, திரும்பக் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். எடை தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவிலி குறைந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். ஜனவரியில் இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பன்னிரண்டு டிகிரி இறங்கும். சூளை எரிந்தவரை அந்தக் கொட்டகையில் நாங்கள் சட்டையோடு வேலை செய்தவர்கள். இப்போது இரண்டு கையுறை போட்டும் விரல் மரத்துப்போகிறது. பூசணிக்காய்கள் மட்டும் உறைந்து, கெடாமல், கல் மாதிரி நன்றாக இருக்கின்றன.

நைடென் தினமும் வருகிறார். அவர் பதவி இப்போது முதுநிலை வெப்ப ஆலோசகர்.

ஜனவரி கடைசியில் தாஸ்கலோவ் மறுபடி வந்து, முற்றத்தில் பார்வையாளர் மையம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். அயல்நாட்டுக் குழுக்கள் வந்து க்ளினோவோ முறையைப் பார்க்க வேண்டுமாம். கட்டத் தொண்ணூறாயிரம் செங்கல் தேவை. எங்கே வாங்குவது என்று ஸ்பாஸ்கா கேட்டாள். கேட்டபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"செர்பியாவிலேர்ந்து வாங்குங்க," என்றார் தாஸ்கலோவ். "எல்லைக்கு அந்தப் பக்கம் எரியறது நம்ம பட்டியல்ல வராது."

முதல் லாரி மறுநாள் காலை வந்தது. நாங்கள் பூசணி தள்ளிக்கொண்டிருந்தோம். அதை இறக்க நான் போனேன். ஓட்டுநர் செர்பியர், தடித்த மனிதர். பிளாஸ்டிக் உறையைக் கிழித்தபோது, கட்டுக்குள்ளிருந்து லேசாக ஆவி எழுந்தது.

"நேத்து சாயங்காலம்தான் சூளையை விட்டு இறங்கிச்சு," என்றார் அவர். "அப்படியே சுத்திக் கட்டி ஏத்திட்டாங்க. நடுவுல இன்னும் சூடு இருக்கும், பார்த்துத் தொடு."

நைடென் கேட்டுவிட்டார். வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தார். ஒரு செங்கல்லை உருவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். நிலக்கரியில் சுட்டது, அடுப்புக் கதவு ஒழுங்காக மூடாத சூளை, நாங்கள் ஒன்று சுடும் நெருப்பில் இவர்கள் அரைதான் சுட்டிருப்பார்கள் என்றார். யாரையும் குறை சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. ஓட்டுநர் தோளைக் குலுக்கினார்.

பிறகு நைடென் இரண்டு கையுறையையும் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த இடைவெளியில் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்பாஸ்கா வந்து பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், கையுறையைக் கழற்றிக்கொண்டே, ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். உள்ளே எடைமேடை காலியாகக் கிடந்தது. அலுவலக அறையில் ஏதோ மணி அடிக்கத் தொடங்கியது, அடித்துக்கொண்டே இருந்தது. குளிரில் எல்லோருக்கும் மூக்கு ஒழுகியது. நைடென் கையை எடுக்கவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவும் இல்லை.